என் பீரோவில் இருந்த நாற்பது பேர்

ஒரு கம்பெனி என்ன விலை பெறும் என்று சொல்வதுதான் நான் முப்பது ஆண்டுகள் செய்த வேலை. கணக்குத் தணிக்கையும் உண்டு. ஆனால் பேர் வாங்கியது விலை மதிப்பீட்டில்தான். ஒருவர் பட்டறையை இன்னொருவர் வாங்கும்போதும், அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்போதும், இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேரும்போதும் என்னைக் கூப்பிடுவார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் நான் ஏறி இறங்காத பட்டறை குறைவு. லேத் இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். கிடங்கில் இரும்புக் கம்பிகளை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் பட்டியலில் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் அடித்து, பக்கத்தில் தேதி போடுவேன். தொட்டு எண்ணாத எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய வேலை போயிற்று. அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி நடக்கும் ஓய்வு பெற்றவர்கள்கூட சாஃப்ட்வேர் பங்குகளைப் பற்றித்தான் பேசினார்கள். காலையில் அறிமுகமில்லாத ஒருவர் என்னை நிறுத்தி, "சார் ஆடிட்டர்தானே, எதை வாங்கலாம்?" என்று கேட்டார். சிமெண்ட் கம்பெனி, சர்க்கரை ஆலை என்று வாயைத் திறந்தால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. ஊரே ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிட்டது, நான் மட்டும் பிளாட்பாரத்தில் லேத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் டெலிபோனைப் பார்ப்பேன். அது ஒலித்திருக்காது.

ஒருநாள் ஒலித்தது. அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த சிறிய சாஃப்ட்வேர் கம்பெனி. நாற்பத்து மூன்று இன்ஜினியர்கள். இரண்டாயிரம் பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் வருடத்தைத் தப்பாகப் படித்துவிடும் என்ற பயத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் அனுப்பிய வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அதை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொள்ள ஒரு பெரிய கம்பெனி முன்வந்திருந்தது. நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி ஆபீஸ், பங்குச் சந்தையில் பட்டியலான பேர். என்ன விலைக்கு வாங்குவது என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒருவர் சொல்லவேண்டும். அந்த ஒருவர் நான்.

அடையாறு மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டர்கள் வாடகைக்கு எடுத்தவை. ஜெனரேட்டரும் வாடகை. வீடும் வாடகை. சொந்தமென்று நாற்காலிகளும் ஒரு தண்ணீர் ஃபில்டரும் இருந்தன. முதலாளி முன்பு ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர், நாற்பது வயதிருக்கும். என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துச் சிரித்தார்.

"எதை சார் டிக் அடிக்கப் போறீங்க? எல்லாம் பசங்க மண்டைக்குள்ள இருக்கு. ஒவ்வொரு மண்டையாத் தட்டிப் பாக்கறீங்களா?"

வாங்கும் கம்பெனியின் நிதிப் பொறுப்பாளர் இதைவிட விவரமாகச் சொன்னார். "பம்பாய்ல இப்ப லாபம் எவ்வளவுன்னு யாரும் கேக்கறதில்ல சார். இன்ஜினியர் எத்தனை பேர்னு கேக்கறான். ஒரு தலைக்கு இவ்வளவுன்னு பெருக்கிப் பங்குக்கு விலை வெக்கறான். கோழிப் பண்ணை கணக்குதான். நீங்க வெக்கப்படாம எண்ணுங்க."

கணக்கு எனக்கு உடனே புரிந்தது. அடையாற்றில் ஒரு விலைக்கு இருக்கும் ஆள், நந்தனம் கம்பெனியின் பட்டியலில் சேர்ந்த மறுநாள் சந்தையில் மூன்று மடங்கு விலை பெறுவான். ஆள் மாறவில்லை, அவன் செய்யும் வேலை மாறவில்லை, உட்காரும் நாற்காலியும் மாறவில்லை. அந்த இடைவெளியைத்தான் எல்லோரும் வளர்ச்சி என்றார்கள். ஆனால் ஆள் என்றைக்கு வேண்டுமானாலும் போய்விடலாமே? நாளைக்கு இருப்பான் என்று எதை வைத்து நான் கையெழுத்துப் போடுவேன்?

முதலாளி ஒரு ஸ்டீல் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே காக்கி நிற உறைகள். அந்த நாட்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாதியில் ஓடிவிடாமல் இருக்கப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது சரியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் இருந்தவன் நான். நான் கேட்கவில்லை. மாறாக, அந்த உறைகளைப் பார்த்ததும் எனக்கு லேத்தைப் பார்த்தது போல நிம்மதியாக இருந்தது. கையில் எடுக்க முடிந்தது. எண்ண முடிந்தது.

யாருடைய அசல் சான்றிதழ் கையில் இருக்கிறதோ அவரை மட்டும் கணக்கில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். இரண்டு பக்கமும் ஆகா என்றார்கள். நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் தலைக்கு ஒரு விலை, நாற்பதுக்குக் குறைந்தால் எல்லாத் தலைக்குமே குறைந்த விலை என்று ஒரு படியும் வைத்தேன். ஏன் நாற்பது? அப்போது நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள், நாற்பது ஒரு முழு எண்ணாகக் கண்ணுக்கு நன்றாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

என் கூலியையும் சொல்லிவிடுகிறேன். பீஸ் தனி. அதோடு, முடியும் விலைக்கு ஏற்றபடி இணைந்த கம்பெனியின் பங்குகளில் கொஞ்சம் என் மனைவி பேருக்கு வரும் என்று பேச்சு. நடுவிலிருந்து விலை சொல்கிறவன் அப்படி வாங்கக் கூடாது. தெரிந்துதான் வாங்கினேன்.

ஒரு மாதத்தில் மூன்று பேர் ஒப்பந்தப் பணத்தைக் கட்டிவிட்டு அமெரிக்கா போய்விட்டார்கள். சரியாக நாற்பது பேர். முதலாளி பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"சார், எண்ணற வரைக்கும் பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா எவனாவது அழுதுகிட்டு வந்து நிப்பான், நான் எடுத்துக் குடுத்துடுவேன். எனக்கு அவ்வளவு தைரியம் போறாது சார்."

அந்தத் தைரியம் எனக்கு இருக்கும் என்று அவர் நினைத்தது சரியாகிவிட்டது.

பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், நகையா கீது? கொயந்த மாதிரி மடில வெச்சுகினு வர்ற?"

"சர்டிபிகேட்டுப்பா. படிச்ச பசங்களோடது."

"அட போ சார். என் மச்சான்கூட பி.காம். சர்டிபிகேட்ட கண்ணாடி போட்டு மாட்டிகினு கீறான். காத்தாலேர்ந்து அத்த பாத்துகினே இட்லி துன்றான்."

சிரித்தேன். மாடிப்படி ஏறி, என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த பீரோவில் பெட்டியை வைத்துப் பூட்டினேன். பீரோ சாவியைப் பூணூலில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

எண்ணும் நாள் புதன்கிழமை காலை பதினொரு மணி என்று முடிவாயிற்று. அதற்கு முன் திங்கட்கிழமை ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவள் அடையாறு கம்பெனியில் எட்டு மாதமாக வேலை செய்பவள், முப்பதை நெருங்கும் வயது. அப்பா தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வை. திருநெல்வேலிப் பக்கம். வெள்ளைச் சட்டையின் பையில் இஞ்சு டேப்பின் நுனி தெரிந்தது. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கவேண்டும். நான் உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

"ஐயா, பிள்ளைக்கு கவர்மெண்டு பாலிடெக்னிக்ல வாத்தியார் வேலைக்கு வந்திருக்கு. பரீச்சை, இண்டர்வியூ எல்லாம் தாண்டிட்டா. புதன்கிழமை பத்து மணிக்கு சர்டிபிகேட்டு பாக்காங்க. ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்களாம்."

"கம்பெனில கேட்டேன் சார்," என்றாள் அவள். "ஆடிட்டர் சார்தான் அதெல்லாம் பாத்துக்கறார், அவரைக் கேளுன்னாங்க."

அரசாங்க வேலை கிடைத்தால் அவள் போய்விடுவாள். முப்பத்தொன்பது. எனக்கு அந்த எண் மட்டும்தான் கேட்டது.

"அதெல்லாம் நந்தனத்துல வக்கீல்கிட்ட போயாச்சேம்மா. இந்த வாரம் கைக்கு வராது."

சொல்லும்போது என் நாற்காலியின் முதுகு பீரோவின் கதவை இடித்துக்கொண்டிருந்தது. பனியனுக்குள் சாவி உறுத்தியது.

"ஒரே ஒரு மணி நேரம் சார். காட்டிட்டு நானே திருப்பிக் கொண்டு வந்து குடுத்துடறேன்."

"எங்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் புத்தி சொல்லும் ஆசை வந்துவிட்டது. "உலகமே இந்த லைனுக்குள்ள வரணும்னு அடிச்சுக்கறது. நீ சாக்பீஸைப் புடிக்கப் போறேங்கறியே. ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுண்டு இரு. கம்பெனி பெரிசாகப் போறது."

"எட்டு மாசமா ரெண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமா மாத்திட்டு இருக்கேன் சார். எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கத்தான் பிடிச்சிருக்கு." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்பா அவள் கையைத் தட்டினார். "ஐயா நல்லதுக்குத்தானே சொல்லுதாக. வக்கீல் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க ஐயா. மூணு தலைமுறையா கடையில நின்னே கால் வீங்கிப் போச்சு. இவ ஒருத்தியாவது உக்காந்து சம்பளம் வாங்கட்டும்னு பாக்கேன்."

"வாத்தியாரும் நின்னுக்கிட்டுதாம்ப்பா பாடம் எடுக்கணும்," என்றாள் அவள். மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதுதான் இப்போது தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. மாலையில் குளத்தை மூன்று தடவை சுற்றினேன். திரும்பி வந்து பீரோவைத் திறந்து அவள் உறையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். உள்ளே பத்தாம் வகுப்பிலிருந்து வரிசையாக இருந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு. முதலாளிக்குப் போன் செய்து முப்பத்தொன்பது என்று சொல்லிவிடலாமா என்று ரிசீவரை எடுத்தேன். எடுத்தவன் அவரைக் கூப்பிடவில்லை. தரகருக்குப் போட்டு, நந்தனம் கம்பெனியின் பங்கு அன்றைக்கு என்ன விலையில் முடிந்தது என்று கேட்டேன். ஏறியிருந்தது. உறையைத் திரும்ப வைத்துப் பூட்டினேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு அவளே போன் செய்தாள். பின்னால் பஸ் சத்தம்.

"சார், வக்கீல் அட்ரஸ் மட்டும் குடுங்க. இப்பவே நந்தனம் போய் நானே கேட்டுக்கறேன்."

"அவர் ஊர்ல இல்லைம்மா."

"ஆபீஸ்ல யாராவது..."

பொது டெலிபோனில் போட்ட ஒரு ரூபாய் தீர்ந்து இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. ஜெராக்ஸ் பிரதிகளை எடுத்துக்கொண்டு போனாள் என்றும், வாசல் மேஜையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. அவளுக்கு அடுத்த எண்ணில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு நந்தனத்திலிருந்து நிதிப் பொறுப்பாளர் வந்தார். நான் ஒவ்வொரு உறையாகப் பிரித்துக் காட்டினேன். உறையின் மேல் பச்சை டிக், பக்கத்தில் தேதி. நாற்பது.

"கோழி எல்லாம் கூண்டுல இருக்கு," என்றார் அவர். டிபன் வரவழைத்துச் சாப்பிட்டோம்.

இணைப்பு முடிந்தது. நான் எழுதிய விலையே நின்றது. மூன்று வாரம் கழித்து வேடிக்கை ஒன்று நடந்தது. நந்தனம் கம்பெனியில் பணம் போட வந்த வெளிநாட்டு முதலீட்டாளரின் வக்கீல், ஊழியர்களின் அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது தவறு, உடனே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினார். உடனே திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஒரு மறுபேச்சு இல்லை. அந்த நாலு வரியை நான் முதல் நாளே அடையாறு மாடியில் எழுதியிருக்க முடியும்.

பெட்டி இன்னும் என்னிடம்தான் இருந்தது. ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவளும் அப்பாவோடு வந்தாள். நான் பூணூலை வெளியே இழுத்துச் சாவியை எடுத்து, திரும்பி, பீரோவைத் திறந்தேன். அவள் உறையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தாள். திரும்ப உள்ளே வைக்கும்போது உறையின் மேலிருந்த பச்சை டிக்கைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள்.

"புதன்கிழமை இது இங்கயா சார் இருந்துச்சு?"

"எண்ணினது நந்தனத்துல. அப்புறம்தான் இங்க வந்தது."

அவள் பீரோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 

"விடு பிள்ள," என்றார் அப்பா. "நம்ம நேரம் அப்படி. ஐயா எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?" என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அவள் கும்பிடவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள்ளேயே இரண்டாயிரம் ஆண்டு வேலைகள் தீர்ந்துபோயின. வேலை தீர்ந்த பிறகு தலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடையாறு மாடியைக் காலி செய்து, நாற்பது பேரில் முப்பது பேரை அனுப்பிவிட்டார்கள். அதற்கு நந்தனம் கம்பெனியின் பங்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. செலவு குறைந்ததாம். என் மனைவி பேரிலிருந்த பங்குகளை நான் அப்போது விற்றேன். எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

புடவை எடுக்கத் தியாகராய நகர் போனோம். கடையை மனைவிதான் தேர்ந்தெடுத்தாள். படியேறி இரண்டாம் மாடிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிவிடலாம் என்று பார்ப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்கய்யா, வாங்கம்மா. தம்பி, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு. இன்னைக்கு வந்த பெட்டியைப் பிரி."

ஒரு மணி நேரம் வேறு யாரையும் அவர் கவனிக்கவில்லை. புடவைகளை விரித்து, ஜரிகையைத் திருப்பிக் காட்டி, "இது வேண்டாம்மா, துவைச்சா நிறம் நிக்காது" என்று தன் கடைச் சரக்கையே ஒதுக்கி வைத்தார். என் மனைவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"உங்க பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்காய்யா. கம்பெனில நிப்பாட்டிட்டாங்கள்லா? வீட்டுலதான் இருக்கா. தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கா." கையிலிருந்த புடவையை மடிப்புக் கலையாமல் மடித்தார். "அந்த பாலிடெக்னிக் வேலைக்கு இனிமே எழுத முடியாதுன்னுட்டாங்க. வயசு தாண்டிருச்சாம். மூணு மாச வித்தியாசம்."

"அது என்கிட்டதான் இருந்தது" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் என் மனைவி கேட்பாள். சொன்னால் அவருடைய அந்த முகம் போய்விடும். எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்த முகம் அது. அவர் கையிலிருந்த புடவை என்ன விலை என்று கேட்டேன். அவரே பில் போடும் இடம் வரைக்கும் வந்து, "நம்ம ஐயா, பாத்துப் போடுங்க" என்று சொல்லி விலையைக் குறைக்க வைத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

தெருவில் இறங்கியதும் மனைவி கேட்டாள். "யாருன்னா அவர்? ஆத்து மனுஷா மாதிரின்னா கவனிச்சுண்டார்."

"ஆபீஸ் விஷயமா ஒரு தடவை வந்தார்."

"கல்யாணத்துக்கு அவருக்கு ஒரு பத்திரிகை குடுத்துடுங்கோ. குடும்பத்தோட வரச் சொல்லுங்கோ."

ஆகட்டும் என்றேன். கொடுக்கவில்லை. அவர் வந்தால் அந்தப் பெண்ணும் கூட வருவாள்.